மனநல மருந்தின் பக்கவிளைவுக்கு வழக்குத் தொடர முடியுமா? கேள்வி பதில்

தஞ்சாவூர் மாவட்டத்தில் நுகர்வோர் வழக்குகளும் மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளும் நடத்தும் வழக்கறிஞன் நான், மருத்துவன் அல்லன். மனநோய்க்குத் தரப்படும் மருந்துகளால் பாதிக்கப்பட்டவர்களும் அவர்களது வீட்டாரும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். அப்படி நிறுத்தி, நோய் முற்றி, வழக்கையே கைவிட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

பாபநாசத்திலிருந்து ஒரு மருமகள்: என் மாமியாருக்கு ஒன்பது ஆண்டுகளாக ஒரே தனியார் மருத்துவரிடம் ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தை வாங்கிக் கொடுத்தோம். மூன்று ஆண்டுகளுக்கு முன்பே வாய் ஓயாமல் அசையத் தொடங்கியது. வெற்றிலை போடுபவர் என்பதால் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சென்ற ஆடியில் திருச்சியில் வேறொரு மருத்துவர் பார்த்து, இது மருந்தால் வந்தது, முழுதாகப் போகாமலும் இருக்கலாம் என்றார். வழக்குக்கான கெடு முடிந்துவிட்டதா?

அம்மா, இந்த வகை வழக்குகளின் முடிச்சு முழுவதும் உங்கள் கேள்வியில் இருப்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். உங்கள் விவரிப்பு டார்டிவ் டிஸ்கினீசியா என்ற பாதிப்போடு பொருந்துகிறது. தாமதமாக வருவது என்பதே டார்டிவ் என்ற சொல்லின் பொருள். மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ மருந்து உட்கொண்ட பிறகு நாக்கும் உதடும் தாடையும் தம் போக்கில் அசையத் தொடங்கும். வெற்றிலை விளையும் ஊர்களில் இதை யாரும் நோயென்று நினைப்பதில்லை. என்னிடம் வந்த ஒரு பெரியவரை, மென்றுகொண்டிருப்பதைத் துப்பிவிட்டுப் பேசுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் வாயைத் திறந்து காட்டினார். பாக்கும் இல்லை, வெற்றிலையும் இல்லை. நாக்கு மட்டும் புழுவைப் போல நெளிந்துகொண்டிருந்தது. அன்று நான் பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69-ஆம் பிரிவின்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை நுகர்வோர் ஆணையம் மன்னிக்கலாம். அந்தக் காரணம் எப்போது எழுந்தது என்பதில்தான் எதிர்த்தரப்பு உங்களை மடக்கப் பார்க்கும். தீங்கு வெளியே தெரியாமல் உள்ளே மறைந்திருந்தால், அது தெரியவந்த நாளிலிருந்தோ, சாதாரண அக்கறையோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்தோ கெடு ஓடும் என்பதை 2010-இல் ஸ்ரீகண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த வழக்கைத் தொடுத்த பெண்மணி தோற்றார். வயிற்றில் துணி தங்கியதால் ஆண்டுக்கணக்கில் வலித்தும் அறுவை செய்த மருத்துவரிடம் அவர் போகவில்லை; அவரே ஒரு செவிலியர் என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. உங்கள் மாமியார் செவிலியர் அல்லர், வெற்றிலைப் பழக்கம் உள்ளவர் என்பதால் வாதம் உங்கள் பக்கம் சற்றுச் சாய்கிறது. எனினும், திருச்சி மருத்துவர் சொன்னதைத் தேதியோடு எழுத்தில் வாங்குங்கள். தாமத மன்னிப்பு மனுவையும் சேர்த்தே தாக்கல் செய்யுங்கள்.

வழக்கில் வெல்வது இதற்கு அடுத்த கேள்வி. பக்கவிளைவு வந்தது என்பதாலேயே மருத்துவர் தவறு செய்தார் என்று ஆகிவிடாது. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் வருபவர்கள் ஏற்பதில்லை. இப்படி ஆகலாம் என்று முன்கூட்டி எச்சரித்தாரா, ஒன்பது ஆண்டுகளில் ஒருமுறையாவது நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாரா, வாய் அசைவதாக நீங்கள் சொன்னபோது என்ன செய்தார், அதே மருந்தை அதே அளவில் தொடரக் காரணம் இருந்ததா என்பவைதான் ஆணையம் கேட்கும் கேள்விகள். சிறப்புத் திறமை யாரும் எதிர்பார்ப்பதில்லை. அந்தத் துறையில் சராசரித் தேர்ச்சியுள்ள மருத்துவர் செய்திருக்கக்கூடியதை இவர் செய்தாரா என்பதே அளவுகோல்.

அதை மெய்ப்பிக்க உங்களிடம் காகிதம் இருக்க வேண்டும். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். ஆனால் மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்ற கடமை உள்நோயாளிகளின் ஆவணங்களுக்கே சொல்லப்பட்டிருக்கிறது. வாரச்சந்தை போலக் கூட்டம் நிற்கும் கிளினிக்கில் பார்த்துவிட்டு வந்தவருக்குக் கையில் உள்ள மருந்துச் சீட்டுதான் ஆவணம். ஆகவே சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே, அதாவது தஞ்சாவூரிலேயே, புகார் தரலாம். சிகிச்சைக்கு நீங்கள் செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. கேட்கும் இழப்பீடு எவ்வளவு என்பது இந்தக் கணக்கில் வராது.

திருவாரூரிலிருந்து ஒரு தம்பி: அரசு மருத்துவமனையில் அண்ணனுக்கு ஊசி போட்ட அன்று மாலையே கழுத்து ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு, கண் மேலே செருகிவிட்டது. மாற்று ஊசி போட்டதும் அரை மணியில் சரியானது. வழக்குப் போடலாமா?

இது மட்டுமே நடந்தது என்றால் வேண்டாம், தம்பி. இது தெரிந்த விளைவு. உடனே கண்டறிந்து மாற்றியும் இருக்கிறார்கள். இரவு முழுவதும் அப்படியே கிடக்க விட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். அப்போதும் நுகர்வோர் ஆணையம் உங்களுக்கு உதவாது. யாரிடமும் கட்டணம் வாங்காத மருத்துவமனையின் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்பது 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் தீர்ந்துபோன விஷயம். உரிமையியல் நீதிமன்றமும், ஓராண்டுக்குள் மாநில மனித உரிமை ஆணையமும், உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனுவும் உள்ளன. தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டைக்காரர்கள் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைக்காரர்களுக்குச் சென்னைதான். ஒரே ஆற்றுத் தண்ணீரைக் குடிப்பவர்களை இப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

பட்டுக்கோட்டை வாசகர்: பழைய மாத்திரை அட்டையைக் காட்டினாலே மருந்துக்கடையில் நான்கு ஆண்டுகளாகத் தருகிறார்கள். இப்போது கை நடுக்கம் வந்துவிட்டது. மருத்துவர் மீது வழக்குப் போடலாமா?

நான்கு ஆண்டுகளாக அவர் உங்களைப் பார்க்கவே இல்லையே, எதற்காக அவர்மீது? சீட்டில்லாமல் விற்றது சட்டமீறல். மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுங்கள். அதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.

மன்னார்குடியிலிருந்து ஒரு மனநல மருத்துவர்: பக்கவிளைவுகளை எல்லாம் முதல் நாளே ஒப்பித்தால், பாதிப் பேர் மாத்திரையை வாய்க்காலில் எறிந்துவிட்டுப் போவார்கள். அவர்களில் சிலர் தற்கொலை செய்துகொள்வார்கள். அதற்கு நீங்கள் பொறுப்பேற்பீர்களா? இப்படி வழக்குகளைத் தூண்டினால், இந்தப் பக்கம் இருக்கிற ஒரு சில மனநல மருத்துவர்களும் சென்னைக்குப் போய்விடுவார்கள்.

உங்கள் அச்சத்தில் பாதி நியாயம் இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றமே, நோயாளியைக் கலங்கடித்துத் தேவையான சிகிச்சையை மறுக்க வைக்கும் அளவுக்கு எங்கோ ஒன்றாக நிகழும் ஆபத்துகளை எல்லாம் விளக்க வேண்டியதில்லை என்றது. ஆனால் போதிய தகவல் தந்த பிறகு பெறும் ஒப்புதலே ஒப்புதல் என்று சொன்னதும் அதே தீர்ப்புதான். ஆண்டுக்கணக்கில் கொடுக்கப்போகும் மருந்தால் வரும் வாய் அசைவும், எடையும் சர்க்கரையும் ஏறுவதும் எங்கோ ஒன்றாக நிகழ்பவை அல்ல. மேலும், 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, அறியப்பட்ட பக்கவிளைவுகளைத் தெரிந்துகொள்வதை நோயாளியின் உரிமையாகவே எழுதிவைத்திருக்கிறது. நோயாளிக்குக் கடுமையான மன பாதிப்பு வரும் என்றால் அவரது மருத்துவ ஆவணத்தின் ஒரு பகுதியைத் தராமல் நிறுத்திவைக்க 25-ஆம் பிரிவு இடம் தருகிறது. அப்போதும் மனநல மறுஆய்வு வாரியத்திடம் முறையிடலாம் என்பதை நோயாளிக்குச் சொல்லியாக வேண்டும்.

கும்பகோணத்திலிருந்து ஒருவர், அந்த மருத்துவருக்கு: நான் பதினோரு ஆண்டுகளாக ரிஸ்பெரிடோன் சாப்பிடுகிறேன். மார்பு பெருத்ததை யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டு, மூன்று ஆண்டுகள் சட்டைக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டு திரிந்தேன். முதல் நாளே சொல்லியிருந்தால் மாத்திரையை எறிந்திருக்க மாட்டேன் ஐயா, உங்களைப் போன்ற ஒருவரிடம் சட்டையைக் கழற்றிக் காட்டியிருப்பேன்.

மன்னார்குடி மருத்துவர்: அவர் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு காலையில் எண்பது பேரைப் பார்ப்பவன் எங்கே எழுதுவது?

ஒரு வரி போதும், டாக்டர். பக்கவிளைவு சொல்லப்பட்டது, எடை இவ்வளவு, நாக்கும் கையும் பார்க்கப்பட்டன என்று தேதியோடு சீட்டில் இருந்தால், என்னைப் போன்ற வழக்கறிஞர் அந்தச் சீட்டைப் பார்த்த உடனேயே கட்சிக்காரரைத் திருப்பி அனுப்பிவிடுவார். உண்மையாகவே சொல்லியிருந்தும் எழுதாமல் விட்டதால் நெளிந்த மருத்துவர்களை ஆணையத்தில் பார்த்திருக்கிறேன்.

மயிலாடுதுறை இளைஞர்: இதே ரிஸ்பெரிடோனுக்கு அமெரிக்காவில் கோடிக்கணக்கில் இழப்பீடு வாங்கினார்களாமே, நாமும் நிறுவனத்தின் மீது போடலாமா?

மார்பு பெருத்த ஒருவருக்கு 800 கோடி டாலர் தர வேண்டும் என்று பிலடெல்பியா ஜூரி, அதாவது நடுவர் குழு, 2019-இல் சொன்னது உண்மை. சில மாதங்களில் நீதிபதி அதை 68 லட்சம் டாலராகக் குறைத்ததை யாரும் பகிர்வதில்லை. இந்த மருந்தின் நிறுவனமான ஜான்சன் அண்ட் ஜான்சன் 2013-இல் ஒப்புக்கொண்ட 220 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகை, அனுமதிக்கப்படாத பயன்பாடுகளுக்கு மருந்தைப் பரப்பியதாக அரசு தொடர்ந்த வழக்குகளை முடிக்கக் கட்டியது. நம் நாட்டில் ஜூரியே கிடையாது. 2019 சட்டத்தில் உற்பத்தியாளர் பொறுப்பு சேர்க்கப்பட்டது என்றாலும், மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் தர வேண்டிய பொருளுக்கு உரிய எச்சரிக்கையை மருத்துவரிடம் சேர்த்துவிட்டால், எச்சரிக்கவில்லை என்ற பழியிலிருந்து 87-ஆம் பிரிவு நிறுவனத்தை விடுவிக்கிறது. பெட்டிக்குள் பொடி எழுத்தில் மடித்து வைத்திருக்கும் தாளின் வேலை அதுதான்.

திருவையாற்றிலிருந்து ஒரு தந்தை: மகனுக்கு க்ளோசபின் தொடங்கி இரண்டு மாதம் இரத்தப் பரிசோதனையே செய்யவில்லை. காய்ச்சலோடு சேர்த்தபோது வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. பிழைத்துக்கொண்டான். போலீசில் புகார் தரலாமா?

இன்று வந்தவற்றுள் வலுவான வழக்கு உங்களுடையது, ஐயா. வெள்ளை அணுக்கள் குறையும் ஆபத்து உள்ளதாலேயே இந்த மருந்துக்குத் தொடக்க மாதங்களில் வாரந்தோறும் இரத்தம் பார்ப்பது நடைமுறை. அதைச் செய்யாததற்கு மருத்துவர் தரப்பு விளக்கம் சொல்லியாக வேண்டும். ஆனால் போலீசுக்குப் போகாதீர்கள். 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கின் தீர்ப்புப்படி குற்ற வழக்குக்கு மிக மோசமான கவனக்குறைவு வேண்டும். முதலில் வேறொரு மருத்துவரின் நடுநிலையான கருத்தும் வேண்டும். அந்த அலைச்சலில் உங்கள் இரண்டு ஆண்டுகள் கரைந்துவிடும். தனியார் மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்கே போங்கள். ஒழுங்கு நடவடிக்கை வேண்டுமானால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குத் தனியே எழுதுங்கள். அங்கே பணம் கிடைக்காது. 1800-180-3024 என்ற இலவச எண்ணில் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கும் தெரிவியுங்கள். அது இழப்பீட்டுக்கான இடம் அன்று. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு உதவும்.

வேதாரண்யம் வாசகி: ஒலான்சபினால் இருபது கிலோ ஏறிவிட்டது. இரண்டு ஆண்டு தாண்டிவிட்டது, என்ன செய்வது?

ஒரத்தநாடு வாசகர்: இரண்டு ஆண்டு முடிந்துவிட்டால் வழியே இல்லையா?

இருவரும் பாபநாசத்துக்கு எழுதிய பதிலைப் படியுங்கள். வேதாரண்யம் அம்மா, எடை கண்ணுக்குத் தெரிவது. தெரியாமல் இருந்தது என்ற வாதம் உங்களுக்கு எடுபடாது. தொடங்கும்போதும் பிறகும் எடையும் சர்க்கரையும் பார்க்காமல் விட்டார்களா என்று சீட்டில் தேடுங்கள். சீட்டு இருக்கிறது அல்லவா?

நாகப்பட்டினம் வாசகர்: சித்தப்பா இந்த மாத்திரை சாப்பிட்டவர் என்று காட்டி, அவர் எழுதிக்கொடுத்த கிரயப் பத்திரத்தை உடைக்கலாமா?

இது சொத்து வழக்கு. உரிமையியல் வழக்கறிஞரைப் பாருங்கள்.

பேராவூரணி வாசகி: வக்கீலுக்குப் பணம் இல்லை. இப்போதே மருந்தை நிறுத்திவிட்டு வழக்கு மட்டும் நடத்தலாமா?

நிறுத்தாதீர்கள், நிறுத்தாதீர்கள். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வழக்கறிஞர் தருகிறார்கள், 15100-ஐ அழையுங்கள்.

பாபநாசத்து மருமகள், மீண்டும்: மஞ்சள் பையில் தேடிப் பார்த்தேன். சீட்டுகள் பாதிதான் இருக்கின்றன. மருந்துக்கடை ரசீதுகள் நிறைய உள்ளன, ஆனால் பலவற்றில் எழுத்தே தெரியவில்லை. லேமினேட் செய்து வைக்கட்டுமா?

வேண்டாம் அம்மா! அந்த ரசீதுகள் சூட்டில் எழுத்து விழும் காகிதம். லேமினேட் இயந்திரத்தில் போட்டால் முழுதும் கறுத்துவிடும். இன்றைக்கே எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி ஜெராக்ஸ் எடுங்கள். கைபேசியிலும் படம் பிடித்துக்கொள்ளுங்கள். எழுத்து மங்கியவற்றின் பில் எண் தெரிந்தால், கடைக்காரரின் கணினியில் மறுபடி எடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். மூலங்களை வெயில் படாமல் ஒரு காகித உறையில் போட்டுப் பீரோவில் வையுங்கள்.