உள்ளங்கையில் 25 ஊசி: வலியைக் குறைக்க வழி உண்டா?

'போடாக்ஸ்' என்று பலரும் சொல்லும் பொட்டுலினம் டாக்ஸின் ஊசியின் வலி பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தந்திருக்கிறோம்.

கேள்வி: பரீட்சைத் தாள் நனையும் அளவுக்கு எனக்கு உள்ளங்கை வியர்க்கும். போடாக்ஸ் போட்டுக்கொள்ளப் போனேன். பத்தாவது ஊசிக்கு மேல் வலி பொறுக்காமல் எழுந்து வந்துவிட்டேன். மறுபடி போகலாமா?
(கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

பதில்: போகலாம். பாதியில் எழுந்து வந்தது உங்கள் தவறே இல்லை. இந்த ஊசி போடும் இடங்களில் அதிகம் வலிக்கக்கூடியவற்றில் ஒன்று உள்ளங்கை. அங்கே உணர்வு நரம்பு முனைகள் நெருக்கமாக இருக்கின்றன. தோலும் இறுக்கமானது. மருந்து தசைக்குள் போவதில்லை, வியர்வைச் சுரப்பிகள் இருக்கும் தோலடுக்கிலேயே தங்க வேண்டும். இடமில்லாத இடத்தில் நீர் புகுவதால் அந்த அழுத்தமே வலிக்கிறது. ஒரு கைக்குச் சுமார் 50 யூனிட்டை, புள்ளிக்கு 2 யூனிட்டாகப் பிரித்தால் 25 குத்து. அதை வெறும் கையில் தாங்கச் சொல்வது சரியல்ல.

முழுதாக வலி தெரியாமல் இருக்க, மணிக்கட்டில் நரம்பை மரக்கவைக்கும் ஊசி இருக்கிறது. உள்ளங்கைக்கு உணர்வு தரும் நரம்புகளுக்கு அருகே லிடோகெயின் என்ற மரப்பு மருந்தைச் சில மில்லி போட்டு, 10 முதல் 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். காத்திருக்காமல் தொடங்குவதுதான் 'மரப்பு ஊசி போட்டும் வலித்தது' என்று பலர் சொல்வதற்குக் காரணம். மணிக்கட்டில் ஊசி நுழையும்போது விரலுக்குள் ஷாக் அடித்ததுபோல் ஓடினால் உடனே சொல்லுங்கள். ஊசி நரம்பைத் தொடுகிறது என்று அர்த்தம்; அந்த இடத்தில் மருந்தைச் செலுத்தக் கூடாது. இரண்டு கையும் மரத்த நிலையில் வண்டி ஓட்டக் கூடாது, சூடான டம்ளரைப் பிடிக்கக் கூடாது. துணைக்கு ஒருவர் வரட்டும், அல்லது ஒரு நாளைக்கு ஒரு கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மணிக்கட்டு ஊசி வேண்டாம் என்றால் ஐஸும் அதிர்வும் சேர்ந்த முறை நன்றாக உதவும். மெல்லிய துணி சுற்றிய ஐஸ் கட்டியைக் குத்தப்போகும் புள்ளியில் 10 விநாடி அழுத்தி, எடுத்த மறுகணமே ஊசி போட வேண்டும். அதே நேரம் உதவியாளர் சிறிய மசாஜ் கருவியைப் பக்கத்தில் அழுத்திப் பிடிப்பார். குளிரும் அதிர்வும் தண்டுவடத்தில் வலிச் செய்தியை முந்திக்கொள்கின்றன. மெல்சாக், வால் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1965இல் முன்வைத்த 'வலி வாசல்' கோட்பாடு இதுதான். ஐஸை எடுத்துவிட்டு மருத்துவர் சிரிஞ்சைத் தேடினால் பலன் போய்விடும்.

கட்டைவிரல் பிடி சில வாரம் தளரலாம் என்பதால் பரீட்சைக்கு நெருக்கத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: முகத்தில் மரப்புக் களிம்பு தடவித்தான் போட்டார்கள். அப்படியும் நெற்றியில் சுரீரென்று வலித்தது. ஏன்?
(வாசகி, கோவை)

பதில்: லிடோகெயின் 2.5%, பிரிலோகெயின் 2.5% கலந்த களிம்பு வேலை செய்ய ஒரு மணி நேரம் ஆகும். கனமாகப் பூசி, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்ட வேண்டும். 10 நிமிடத்தில் துடைத்தெடுத்தால் பூசாததற்குச் சமம். சரியாகப் பூசினாலும் ஒரு மணி நேரத்தில் சுமார் 3 மில்லிமீட்டர் ஆழம்தான் மரக்கும். நெற்றியில் தசைக்கு அடியிலேயே எலும்பு. ஊசி முனை எலும்பின் உறையில் இடித்தால் களிம்பு என்ன செய்யும்? அதோடு, ஸ்பிரிட் தடவிய தோல் காயும் முன் குத்தினாலும் எரியும். களிம்பை நீங்களாக வாங்கி உடம்பெங்கும் பூசாதீர்கள். அளவு மீறினால் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையும். கைக்குழந்தைகளுக்கு இந்த ஆபத்து அதிகம்.

கேள்வி: நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்கு 31 இடத்தில் ஊசி என்கிறார்கள். தாங்க முடியுமா?
(வாசகர், சேலம்)

பதில்: எண்ணிக்கைதான் பயமுறுத்துகிறது. மொத்தம் 155 யூனிட். ஒவ்வொரு இடத்திலும் 0.1 மில்லிதான், அதுவும் 30 கேஜ் மெல்லிய குட்டை ஊசியில். உள்ளங்கையோடு ஒப்பிட்டால் இது எளிது. தலை சுற்றும் வழக்கம் உள்ளவர்கள் படுத்துக்கொண்டு போட்டுக்கொள்ளக் கேளுங்கள்.

கேள்வி: தோல் கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன். மருந்து தயாரிப்பதிலேயே வலியைக் குறைக்க முடியுமா?
(மதுரை)

பதில்: முடியும், அங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். மருந்துப் பொடியைக் கரைக்க, அதன் குறிப்பேடு பதனப்பொருள் (கெடாமல் காக்கும் பொருள்) இல்லாத சலைனையே சொல்கிறது. ஆனால் பதனப்பொருளாக 0.9% பென்ஸைல் ஆல்கஹால் சேர்ந்த சலைனில் கரைத்தால் எரிச்சல் தெளிவாகக் குறைகிறது என்று 2002இல் வெளிவந்த ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. பென்ஸைல் ஆல்கஹால் தானே லேசான மரப்பு மருந்து. தோல் மருத்துவர்கள் பலர் இதைப் பயன்படுத்துகிறார்கள், ஆனாலும் உங்கள் மருத்துவர் சொன்னால் மட்டுமே. பச்சிளங்குழந்தைகளுக்கும் அதில் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் கூடாது.

அடுத்தது ஊசி முனை. ரப்பர் மூடியைக் குத்தி மருந்தை எடுத்த அதே ஊசியால் தோலைக் குத்தாதீர்கள். முனை ஏற்கெனவே மழுங்கியிருக்கும். இன்சுலின் சிரிஞ்சில் ஊசியைக் கழற்ற முடியாது என்பதால், கரைத்த பிறகு குப்பியின் உலோக வளையத்தையும் மூடியையும் சுத்தமாக நீக்கிவிட்டு நேராக உறிஞ்சலாம். ஐந்தாறு குத்துக்கு ஒருமுறை புது ஊசி. மழுங்கிய ஊசியை மிச்சம் பிடிப்பதில் எந்தச் சிக்கனமும் இல்லை. மருந்தை மெதுவாகத் தள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: பெருமூளை வாதம் உள்ள எங்கள் ஐந்து வயது மகனுக்குக் கெண்டைக்கால் தசையில் இந்த ஊசி போட வேண்டும். ஊசியைப் பார்த்தாலே அலறுகிறான்.
(தாய், தஞ்சாவூர்)

பதில்: அம்மா, 'வலிக்கவே வலிக்காது' என்று மட்டும் அவனிடம் சொல்லாதீர்கள். அடுத்த முறை உங்களை நம்ப மாட்டான். இந்த ஊசி சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்ப வரும். குத்தப்போகும் இடத்தை மருத்துவரிடம் குறித்து வாங்கி, ஒரு மணி நேரம் முன்பே அங்கே மட்டும் மரப்புக் களிம்பு பூசச் செய்யுங்கள். தசைக்குள் வலியை இது போக்காது, தோலில் குத்தும் பயத்தைக் குறைக்கும். அவன் பயத்துக்கு நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவோ மிடசோலாம் என்ற அமைதிப்படுத்தும் மருந்தோ தர முடியுமா என்று மருத்துவமனையில் முன்கூட்டியே கேளுங்கள். தருவதாக இருந்தால் எத்தனை மணி நேரம் வெறும் வயிறு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மடியில் உட்காரவைத்துக்கொண்டு சோப்புக் குமிழி ஊதச் சொல்லுங்கள். மூச்சை நீளமாக விடும்போது தசை தளரும். இரண்டு காலிலும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் போட்டால் அழுகை ஒருமுறையோடு முடியும்.

அன்று கால் வலித்தால் மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும். பின்வரும் வாரங்களில் விழுங்கத் திணறினாலோ, குரல் மாறினாலோ, மூச்சு வாங்கினாலோ அது ஊசி வலி சார்ந்ததல்ல. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.