தலையில அடிபட்ட குழந்தைக்கு விஆர் ஹெட்செட் பயிற்சி உண்மையிலேயே உதவுமா?

உங்க பொண்ணுக்கு 8 வயசு, மாடிப்படியில விழுந்து தலையில அடிபட்டு ஆறு மாசம் ஆச்சு, எதுலயும் கவனம் நிக்க மாட்டேங்குது, ஒரு சென்டர்ல 20 செஷன் விஆர் பயிற்சி, அதாவது கண்ண மூடற மாதிரி ஹெட்செட்ட மாட்டிக்கிட்டு கம்ப்யூட்டர் காட்டற உலகத்துக்குள்ள செய்யற பயிற்சி, எடுங்கன்னு சொல்றாங்க, காசு கட்டலாமான்னு கேட்டிருக்கீங்க. நான் டாக்டர் இல்லைங்க. ஆனா என் பையன் இதே வழியா வந்தவன், அதனால எங்களுக்கு நடந்தத அப்படியே சொல்றேன்.

2022 டிசம்பர்ல பொள்ளாச்சி ரோட்டுல பைக் மணல்ல சறுக்கிடுச்சு. பையனுக்கு அப்ப 9 வயசு. அவங்கப்பா ஹெல்மெட் போட்டிருந்தாரு, இவனுக்குப் போடல. 4 வயசுக்கு மேல பைக்ல உக்கார்ற எல்லாருக்கும் ஹெல்மெட் கட்டாயம்னு 2019-லயே சட்டத்துல கொண்டுவந்துட்டாங்க, எங்களுக்கும் தெரியும், பக்கத்துல தானே போறோம்னு விட்டுட்டோம். இதப் படிக்கிற யாராச்சும் இன்னைக்கே பிள்ளைக்கு ஒண்ணு வாங்கிடுங்க, அது போதும் எனக்கு.

ஆஸ்பத்திரியில சேர்க்கறப்ப, சுயநினைவு எவ்வளவு இருக்குன்னு மார்க் போடற கோமா ஸ்கேல்ல 15-க்கு 10னு எழுதினாங்க. 13-லருந்து 15 லேசான காயம், 9-லருந்து 12 நடுத்தரம், 8-ம் அதுக்குக் கீழயும் கடுமையானதுன்னு கணக்காம். ஆறு நாள் ஐசியூ. வீட்டுக்கு வந்தப்ப நடந்தான், பேசினான், சாப்பிட்டான், சொந்தக்காரங்க எல்லாம் "பொழச்சு வந்துட்டான், இனி ஒண்ணும் இல்ல"ன்னாங்க, நாங்களும் அப்படித்தான் நெனச்சோம்.

ஸ்கூலுக்குப் போனப்புறம் தான் தெரிஞ்சுது. போர்டுல ஒரு வரி பாத்துட்டு நோட்டுக்குக் குனியறதுக்குள்ள மறந்துடுவான். பக்கத்துப் பையன் பென்சில் டப்பாவத் தொறந்தா போதும், கவனம் அங்க போயிடும். முன்னாடி எல்லாம் கோவமே வராத பிள்ளை, சாப்பாட்டுத் தட்டத் தூக்கி எறிஞ்சான். கிளாஸ் டீச்சர் "விளையாட்டுப் புத்தி ஜாஸ்தி ஆயிடுச்சு"ன்னு டைரியில எழுதி அனுப்பினாங்க, அதப் படிச்சுட்டு நான் அவன அடிச்சுக்கூட இருக்கேன். அதுக்கப்புறம் பாத்த நியூரோ சைக்காலஜிஸ்ட் தான் விளக்கினாங்க. நெத்திக்குப் பின்னாடி இருக்கற மூளைப்பகுதி தான் கவனத்த நிறுத்தறது, அவசரப்படாம இருக்கறது, சொன்னத மனசுல பிடிச்சு வைக்கறது இதெல்லாம் பாத்துக்குதாம், அது இருபது வயசு தாண்டியும் வளந்துட்டே இருக்குமாம். அதனால சின்ன வயசுல அங்க அடிபட்டா எல்லாக் குறையும் உடனே தெரியாது, பாடம் கூடக் கூட தான் ஒவ்வொண்ணா வெளிய வரும். அன்னைக்கு வீட்டுக்கு வந்து ரொம்ப அழுதேன்.

இப்ப விஆருக்கு வர்றேன். 1990-கள் கடைசியிலருந்தே ஆராய்ச்சியில இருக்கற விஷயம் தான் இது. அமெரிக்காவுல ஸ்கிப் ரிஸ்ஸோன்னு ஒரு சைக்காலஜிஸ்ட்டும் அவரோட குழுவும் விர்ச்சுவல் கிளாஸ்ரூம்னு ஒண்ணு செஞ்சாங்க. குழந்தை ஹெட்செட்ட மாட்டினா வகுப்புல பெஞ்சுல உக்காந்திருக்கற மாதிரி இருக்கும், போர்டுல எழுத்து ஒவ்வொண்ணா வரும், ஏ வந்து அடுத்து எக்ஸ் வந்தா மட்டும் பட்டன அழுத்தணும். அதுக்கு நடுவுல காகித ராக்கெட் பறக்கும், வெளிய வண்டி போகும், யாராவது உள்ள நடந்து வருவாங்க. குழந்தை எப்ப தலையத் திருப்புச்சு, எத்தனை தப்பு விட்டுச்சுன்னு எல்லாமே பதிவாகும். மொதல்ல கவனக்குறைவு உள்ள பிள்ளைங்களுக்காகச் செஞ்சது, அப்புறம் மூளைக்காயம் பட்ட பிள்ளைங்ககிட்டயும் வச்சுப் பாத்திருக்காங்க. சத்தமே இல்லாத ரூம்ல பேப்பர் பென்சில்ல டெஸ்ட் வச்சப்ப என் பையன் நல்லாவே செஞ்சான், சத்தம் இருக்கற வகுப்புல தானே அவனுக்குப் பிரச்சனை, அது அந்த ரூம்ல எப்படித் தெரியும் சொல்லுங்க.

எங்க ஓ.டி. மிஸ் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாட வேலைகளத் திரும்பச் செய்யப் பழக்கறவங்க) குடுத்தது கடை விளையாட்டு. அரை கிலோ எடை ஹெட்செட், இவன் தலைக்கு லூசா இருந்துச்சு, பின்னாடி கைக்குட்டையை மடிச்சு வச்சுத் தான் நிறுத்தினாங்க. மொதல் நாள் ரெண்டு கையாலயும் நாற்காலியப் பிடிச்சிட்டே இருந்தான். மூணு பொருள் பேர் சொல்லுவாங்க, அலமாரி அலமாரியா தேடி எடுக்கணும், மைக்ல அறிவிப்பு வரும், யாராவது குறுக்க வருவாங்க. பத்தாவது செஷன்ல ஆறு பொருள் தப்பில்லாம எடுத்தான். எனக்கு ஒரே சந்தோசம், அன்னைக்கு சாயங்காலமே தெருமுனைக் கடைக்கு தக்காளி, கொத்தமல்லி, பால் பாக்கெட் மூணும் வாங்கிட்டு வா கண்ணுன்னு அனுப்பினேன். கடைக்காரர் "எப்படி இருக்கே தம்பி"ன்னு விசாரிச்சிருக்காரு, அவ்வளவு தான், எல்லாம் மறந்து போய் ஒரு சாக்லேட்டோட வந்து நின்னான்.

அடுத்த நாள் மிஸ்கிட்ட சொன்னேன். அவங்க ஆச்சரியமே படல. "விளையாட்டு அவன விளையாட்டுல கெட்டிக்காரன் ஆக்கும், அத தெருவுக்குக் கொண்டு போறது நம்ம வேலைம்மா"ன்னாங்க. அதுக்கப்புறம் ஹெட்செட்டுக்குள்ள இருக்கும்போதே ஒரு பழக்கம் சொல்லிக் குடுத்தாங்க, ஒரு பொருளுக்கு ஒரு விரல மடக்கணும், யாராவது குறுக்க பேசினா நின்னு விரலத் தொட்டுப் பாத்துட்டு தான் அடுத்து நகரணும். தினமும் அதையே நெஜக் கடையிலயும் செய்ய வச்சோம், நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு பாப்பேன். மூணாவது வாரம் கடை வாசல்ல கட்டைவிரலத் தொட்டு ஏதோ முணுமுணுத்துட்டு உள்ள போனான். மூணும் வந்துச்சு, சில்லறையும் சரியா இருந்துச்சு.

அதனால உங்க கேள்விக்கு என் பதில், போகலாம், ஆனா அந்த சென்டர்ல ரெண்டு விஷயம் கேட்டுட்டுப் போங்க. செஷன் நேரம் பூரா ஒரு தெரபிஸ்ட் பக்கத்துலயே உக்காந்து பாப்பாங்களா, இல்ல மாட்டி விட்டுட்டுப் போயிடுவாங்களா? வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் என்ன பயிற்சி எழுதிக் குடுப்பாங்க? ரெண்டுக்கும் பதில் இல்லன்னா 20 செஷன் காச வீணாக்காதீங்க. ஒஹாயோவுல நேஷன்வைட் சில்ட்ரன்ஸ் ஹாஸ்பிடல் மாதிரி இடங்கள்ல அடிபட்ட பிள்ளைங்களுக்குன்னே விஆர் பயிற்சி செஞ்சு பாத்திருக்காங்க, ஆனா இந்தத் துறையில வந்த ஆய்வெல்லாம் பெரும்பாலும் கொஞ்சம் பிள்ளைங்கள வச்சு செஞ்சது தான். நூத்துக்கு நூறு குணமாகும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

உங்க பொண்ணுக்கு ஒரு தடவையாவது ஃபிட்ஸ் வந்திருந்தா, நியூரோ டாக்டர் சரின்னு சொல்லாம ஹெட்செட்ட மாட்டவே மாட்டாதீங்க, மினுக்கற வெளிச்சம் சில பிள்ளைங்களுக்கு ஃபிட்ஸ தூண்டிடும். தலைசுத்தல், வாந்தி, தலைவலி வந்தா உடனே கழட்டிடணும், எங்களுக்கு ஒரு தடவைக்கு 15 நிமிஷத்துக்கு மேல குடுக்கல. நாமளே ஒண்ணு வாங்கி வீட்டுல விளையாட விடலாமேன்னு தோணும், எனக்கும் தோணுச்சு. ஹெட்செட் விக்கற மெட்டா கம்பெனியே 13ன்னு வச்சிருந்த குறைஞ்சபட்ச வயச 2023-ல தான் 10 ஆக்கினாங்க, உங்க பொண்ணுக்கு 8. கண்ணுக்குக் கண் தூரமும் சின்னப் பிள்ளைங்களுக்குக் கம்மி, லென்ஸ் சரியா பொருந்தாது.

காசு கஷ்டமா இருந்தா விஆர் இல்லாத நல்ல ஓ.டி. ஒருத்தர தேடுங்க, அவங்க முக்கியம், ஹெட்செட் அப்புறம். ஸ்கூல்ல போய் டாக்டர் லெட்டரக் காட்டி முன் பெஞ்சு கேளுங்க, பரிட்சையில கூடுதல் நேரம் கேளுங்க, கூச்சப்படாதீங்க. என் பையன் இப்ப ஜன்னல் இல்லாத பக்கம் மொத பெஞ்சுல உக்கார்றான். ஹோம்வொர்க்க இன்னும் மறக்கறான், ஆனா டீச்சர் சொல்லச் சொல்ல டெஸ்க்குக்கு அடியில விரல் மடக்கறான்னு அதே டீச்சர் தான் எனக்கு போன் பண்ணி சொன்னாங்க.