ஓய்வு பெற்ற போலீஸ் நாயின் வைத்தியச் செலவுக்கு வரிச்சலுகை உண்டா?

கேள்வி: காவல்துறை மோப்ப நாய் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இப்போது அரூர் பக்கம் சொந்த ஊரில் இருக்கிறேன். மாதம் 42,000 ரூபாய் பென்ஷன், வேறு வருமானம் இல்லை. நான் பழக்கிய லாப்ரடாரும் ஓய்வு பெற்று என்னிடமே வந்துவிட்டது. அதற்கு இடுப்பு மூட்டு வலி. ஊசி, மாத்திரை என்று மாதம் 4,000 ரூபாய் ஆகிறது. இதைக் காட்டி வரி குறைக்க முடியுமா?

பதில்: முடியாது. வருமான வரிச் சட்டத்தில் 80டி என்று நாம் சொல்லும், மருத்துவச் செலவுக்கான வரிக்கழிவு மனிதர்களுக்கு மட்டும்தான். அரசுக்காக உழைத்த நாய்க்கும் ஒரு வழி இருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். ஆனால் அப்படி ஒரு சலுகை வந்தாலும் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது. வருடப் பென்ஷன் 5,04,000. புதிய வரி முறையில் நிலையான கழிவு 75,000 போக 4,29,000. 2025-26 நிதியாண்டிலிருந்து 12 லட்சம் வரையான வருமானத்துக்கு வரித் தள்ளுபடி உண்டு என்பதால், நீங்கள் கட்ட வேண்டிய வரியே பூஜ்யம்.

உங்களுக்குத் தேவை கையில் வரும் பணம். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் 2022-ல் அதைத்தான் செய்தது: ஓய்வு பெற்ற போலீஸ் நாயின் வைத்தியச் செலவில் வருடம் 1,500 டாலர் வரை திருப்பித் தருகிறது. இங்கேயும் கேட்கலாம், கேட்பதில் தப்பே இல்லை. நாயை ஒப்படைத்த உத்தரவில் வைத்தியச் செலவு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். அப்புறம் பில்களின் நகலோடு எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுங்கள். உங்களைப் போல நாய் வளர்க்கும் பழைய சகாக்கள் நாலைந்து பேர் சேர்ந்து கொடுத்தால் கவனிப்பார்கள்.

அதுவரை செலவைக் குறைப்போம். வழக்கமான ஊசிக்கும் பரிசோதனைக்கும் அரசு கால்நடை மருத்துவமனைக்கே போங்கள். எக்ஸ்ரே, அறுவை சிகிச்சை என்று வந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வயதான நாயைப் புதிதாகக் காப்பீட்டில் சேர்ப்பது கடினம் என்பதால், மாதம் 1,000 ரூபாய் ஆர்.டி. போட்டு அதற்கென்றே வையுங்கள்.

எடையையும் கவனியுங்கள். பாசத்தில் வைக்கிற கூடுதல் களி உருண்டையும் பாலும் கடைசியில் அந்த மூட்டின் மேல்தான் ஏறும். எடை குறைந்தால் வலியும், பல நேரம் மருந்துச் செலவும் குறையும். காசு மிச்சம் பிடிக்க வீட்டிலுள்ள இபுபுரூஃபன் மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அது விஷம். வயிறும் சிறுநீரகமும் கெட்டுவிடும்.