குருட்டுப் புள்ளியும் மூளை ஸ்கேனும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: இடது கண்ணை மூடிக்கொண்டு நேரே பார்த்தால், வலப்பக்கம் நீட்டிய எலுமிச்சம்பழம் ஓரிடத்தில் மறைகிறது. பயமாக இருக்கிறது. (குடியாத்தம் வாசகி)

பதில்: எல்லோருக்கும் அப்படித்தான். பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் இல்லை; அதனால் வருவதுதான் குருட்டுப் புள்ளி. நேர்ப்பார்வையிலிருந்து காதுப்பக்கம் 15 டிகிரி தள்ளி, 5 டிகிரி அகலம், 7 டிகிரி உயரம். கை தூரத்தில் அது ஒரு நல்ல எலுமிச்சம்பழம்தான். வேறு இடத்தில் மறைந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள்; இரண்டும் திறந்திருந்தால் ஒன்றின் ஓட்டையை மற்றது அடைத்துவிடும்.

கேள்வி: குருட்டுப் புள்ளியை மூளை ஸ்கேனில் அளக்க முடியுமா? (ஆம்பூர்)

பதில்: மூளை வேலை செய்வதையே படம் பிடிக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் முடியும். கண் காண்பது பின்மண்டையில் வரைபடம்போல் பதிகிறது. சதுரங்கக் கட்டம் போட்ட பட்டை ஒன்று திரையில் நகரும். மூளையின் எந்தத் துண்டு எப்போது விழிக்கிறது என்று பார்த்து, அது காட்சியின் எந்த மூலைக்குக் காவல் என்று கணக்கிடுவார்கள். 2008-இல் டுமூலன், வாண்டெல் என்ற ஆராய்ச்சியாளர்கள் வகுத்த முறை. ஒரு கண்ணை மூடிச் செய்தால் குருட்டுப் புள்ளிக்கு உரிய துண்டு சும்மா கிடக்கும். இன்னமும் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூட வேலைதான்.

கேள்வி: ஸ்கேன் படம் அனுப்பியுள்ளேன். பார்வை எத்தனை சதவீதம் குறைந்திருக்கிறது? (ஆரணி)

பதில்: எந்தக் கண், என்ன வயது, சர்க்கரை உண்டா, ஒன்றும் எழுதவில்லை. நீங்கள் அனுப்பியது சாதாரண எம்.ஆர்.ஐ.; வீட்டின் சுவரைக் காட்டும், உள்ளே விளக்கு எரிகிறதா என்று காட்டாது. அதற்கு ஃபீல்டு டெஸ்ட் இருக்கிறது: நடுப்புள்ளியைப் பார்த்தபடியே, சுற்றிலும் வெளிச்சம் தெரியும்போது பொத்தானை அமுக்க வேண்டும். ஸ்கேனைவிடச் செலவும் குறைவு. அதை மட்டும் யாரும் ஒழுங்காகச் செய்வதில்லை! நடுப்புள்ளியைப் பார் என்றால் வெளிச்சம் தேடி ஊரெல்லாம் சுற்றிவிட்டு, 'மெஷின் சரியில்லை' என்பது. மெஷினுக்குத் தெரியும் ஐயா. அவ்வப்போது உங்கள் குருட்டுப் புள்ளியிலேயே ஒரு வெளிச்சம் போடும். பொத்தானை அமுக்கினால் கண் அலைந்தது என்று பொருள். ஐந்தில் ஒன்றுக்கு மேல் அமுக்கினால் அறிக்கை நம்பத் தகாதது என்று குறித்துவிடும். கிளாக்கோமா மெல்ல ஓரப்பார்வையைத் தின்கிற கண் நோய். அதன் கணக்கையே இப்படிக் கெடுத்துக்கொண்டால் எதை நம்பி மருந்து கொடுப்பது? எஃப்.எம்.ஆர்.ஐ.யிலும் இதே விதி. நடுப்புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.

கேள்வி: பக்கவாதத்துக்குப் பிறகு அப்பா தட்டின் இடப்பாதிச் சோற்றைத் தொடுவதில்லை. கண் கோளாறா? (வாலாஜாபேட்டை)

பதில்: கண்ணில் இருக்காது, மூளையின் வலப்பாதியில் அடி. பார்வைப் பகுதி போனாலும் இப்படி ஆகும், இடப்பக்கத்தின் மேல் கவனமே போகாமலும் ஆகும். நரம்பியல் டாக்டர் பிரித்துச் சொல்வார். ரஷ்ய-ஜப்பான் போரில் தலையில் குண்டடிபட்ட வீரர்களை வைத்துத்தான் இனோயே என்ற ஜப்பானிய டாக்டர் பின்மண்டையில் காட்சி பதியும் வரைபடத்தையே வரைந்தார். அப்பாவிடம் வண்டிச் சாவியைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு உண்டா? (காட்பாடி)

பதில்: இல்லை, காந்தம். பேஸ்மேக்கர் இருந்தால் முன்பே சொல்லுங்கள். தாலிச்சங்கிலியைக் கழற்றச் சொன்னால் சண்டை போடாதீர்கள்.