சிர்ரஸ் எஸ்ஆர்20 என்ற சிறு விமானத்தில் முழு விமானத்துக்குமே பாராசூட் வைத்தது ஏன்?

1980களின் நடுவில் ஆலன் கிளாப்மையர் ஓட்டிய சிறு விமானம் நடுவானில் இன்னொன்றுடன் மோதியது. இறக்கையில் ஒரு பகுதி போயும் அவர் தரையிறங்கினார். மற்ற விமானி இறந்துபோனார். அண்ணன் தம்பியாக ஆலனும் டேலும் சிர்ரஸை வடிவமைத்தபோது இந்த நினைவு கூடவே இருந்தது.

விமானி கூரையிலுள்ள சிவப்புக் கைப்பிடியை இழுத்தால், சிறு ராக்கெட் ஒன்று பாராசூட்டை வெளியே இழுத்துச் செல்லும். பாராசூட்டை விமானத்தோடு இணைக்கும் பட்டைகள் உடற்பகுதியின் கூட்டுப்பொருள் தோலுக்கு அடியிலேயே பதிந்திருக்கின்றன. பட்டைகளை இப்படித் தோலுக்கு அடியில் பதிக்க, முதலிலேயே திட்டமிட வேண்டும். அதுதான் பெரிய சாதனை என்பேன்.

1995இல் எஸ்ஆர்20இன் முதல் பறப்பு, 1998இல் அமெரிக்கச் சான்றிதழ். அப்புறம் 310 குதிரைத்திறன் எஞ்சினுடன் அதன் அடுத்த வடிவமான எஸ்ஆர்22 வந்தது. 2002இல் டெக்சாஸில் ஒரு விமானி முதன்முறையாகக் கைப்பிடியை இழுத்து உயிர் பிழைத்தார்.