தோற்றவரும் நாளை அதே நீதிமன்றத்துக்குத்தான் வரவேண்டும்: அமெரிக்க நீதிபதி தேர்தல்கள் குறித்த கேள்வி பதில்

அமெரிக்காவின் பல மாநிலங்களில் நீதிபதிகளை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அத்தேர்தல்களில் போட்டியாளர்கள் ஒருவரையொருவர் நடத்தும் விதம் குறித்து வந்த கேள்விகளுக்கு, விஸ்கான்சின் மாநிலத்தில் வழக்கறிஞராக இருக்கும் ஒருவர் அளித்த பதில்கள் இவை.

கேள்வி (சட்டக் கல்லூரி மாணவர், மதுரை): ஐயா, நம் நாட்டில் நீதிபதிகள் நியமிக்கப்படுகிறார்கள். அங்கே நீதிபதி ஆக விரும்புபவர் வீடு வீடாக ஓட்டுக் கேட்டு வருவாரா?

பதில்: வருவார். எங்கள் மாநிலத்தில் ஏப்ரல் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை வாக்குப்பதிவு என்பதால், பனி முழுதாக உருகாத மார்ச்சிலேயே கதவைத் தட்டுவார். வெள்ளிக்கிழமை மாலை மீன் விருந்துகளிலும் மேசைக்கு மேசை சென்று கைகுலுக்குவார். நீதிபதிகள் அனைவரையும் தேர்தல் வழியே அமர்த்திய முதல் மாநிலம் மிசிசிப்பி, ஆண்டு 1832. விஸ்கான்சினில் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) அளவில் வழக்குகளை முதலில் விசாரிக்கும் சர்க்யூட் நீதிபதிக்குப் பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. டெக்சாஸில் இருக்கும்.

கேள்வி (பொறியாளர், சிகாகோ): அரசியல் என்றாலே வசைதானே? இந்தத் தேர்தலில் மட்டும் கண்ணியத்தை ஏன் இவ்வளவு எதிர்பார்க்கிறார்கள்?

பதில்: மேயர் தேர்தலில் தோற்றவர் தம் தொழிலைப் பார்க்கப் போய்விடலாம். நீதிபதி தேர்தலில் தோற்றவரின் தொழிலே நீதிமன்றத்தில்தான் இருக்கிறது. இருவரும் வழக்கறிஞர்கள், பெரும்பாலும் ஒரே ஊர்க்காரர்கள். எங்கள் மாநிலத்தில் ஒரே ஒரு சர்க்யூட் நீதிபதி மட்டுமே உள்ள சிறிய கவுண்டிகளும் உண்டு. ஏப்ரலில் வென்றவர் ஆகஸ்ட் 1 அன்று பதவியேற்கிறார். அதற்குப் பிறகு தோற்றவர் தம் கட்சிக்காரருக்காக அவர் முன்புதான் எழுந்து நின்று வாதாட வேண்டும். (கட்சிக்காரர் என்று நான் சொல்வது வழக்கு நடத்துபவரை, அரசியல் கட்சியை அல்ல.) குழந்தையின் பராமரிப்புக்காக வழக்காடும் ஒரு தாய், தன் வழக்கறிஞரை மூன்று மாதங்களாக மேடைதோறும் பொய்யர் என்று ஏசியவர் நடுநிலையோடு தீர்ப்பளிப்பார் என்று எப்படி நம்புவாள்? ஆகவே இதை நான் வெறும் நாகரிகப் பேச்சாகக் கருதுவதில்லை. பிடிக்காதவரையும் நியாயமாக நடத்தத் தெரிந்தவரா என்பதுதான் நீதிபதியிடம் நாம் தேடும் முதல் தகுதி. அதைப் பதவிக்கு முன்பே நேரில் பார்க்கும் வாய்ப்பு இந்தப் பிரசாரத்தில் மட்டுமே கிடைக்கிறது.

கேள்வி (இல்லத்தரசி, மில்வாக்கி): அப்படியானால் எதிர் வேட்பாளரைக் குறையே சொல்லக் கூடாதா?

பதில்: சொல்லலாம், அம்மா, சொல்லவும் வேண்டும். வழக்குகள் தேங்குகின்றன, தீர்ப்புகள் மேல்முறையீட்டில் அடிக்கடி மாற்றப்படுகின்றன, சாட்சிகளிடம் எரிந்து விழுகிறார் என்பவை எல்லாம் வாக்காளர் அறிய வேண்டியவை. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி நடத்தை நெறி தடுப்பது வேறு: தெரிந்தே பொய் சொல்வது, உண்மையா என்று பாராமல் அள்ளி வீசுவது, வரக்கூடிய வழக்கில் இப்படித்தான் தீர்ப்பளிப்பேன் என்று வாக்குறுதி தருவது. வேட்பாளர் தம் கருத்தைச் சொல்வதையே தடுத்த மின்னசோட்டா மாநில விதியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ரத்து செய்தது. ஆகவே சட்டம் போடும் வேலி தாழ்வானதுதான். இன்னொன்று: பதவியில் உள்ள நீதிபதி நிலுவையில் உள்ள வழக்கைப் பற்றி வெளியே பேச முடியாது. அதைச் சுட்டி அவரைத் தாக்குவது கைகள் கட்டப்பட்டவரை அடிப்பதற்குச் சமம்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், மேடிசன்): சொல்வதெல்லாம் உண்மையாக இருந்தால் போதாதா?

பதில்: போதாது என்பதற்கு எங்கள் மாநிலமே சாட்சி. 2008இல் மாநில உச்ச நீதிமன்றத் தேர்தலில் லூயிஸ் பட்லரை எதிர்த்து மைக்கேல் கேபிள்மன் ஒரு தொலைக்காட்சி விளம்பரம் வெளியிட்டார். பட்லர் முன்பு அரசு செலவில் ஏழைகளுக்காக வாதாடும் வழக்கறிஞராக இருந்தபோது, ஒரு குழந்தையை வன்கொடுமை செய்தவனுக்காகச் சட்டத்தில் ஓட்டை கண்டுபிடித்தார்; அந்த மனிதன் பின்பு இன்னொரு குழந்தையைச் சீரழித்தான் என்று அது சொன்னது. வரிகளைத் தனித்தனியே எடுத்தால் பொய் என்று கூறுவது கடினம். ஆனால் பட்லரின் வாதம் இறுதியில் எடுபடவில்லை. அந்த மனிதன் சிறையிலேயே இருந்து, பரோலில் வந்த பிறகே அடுத்த குற்றத்தைச் செய்தான். இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து வைத்ததுதான் வேலையைச் செய்தது. கேபிள்மன் வென்றார். நடத்தை நெறி மீறல் புகார் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, 2010இல் நீதிபதிகள் மூன்றுக்கு மூன்று எனப் பிரிந்தனர். என் கருத்தில் இது நேரடிப் பொய்யைவிட மோசமானது, ஏனெனில் சாட்சியத்தை எப்படி அடுக்கினால் என்ன எண்ணம் உண்டாகும் என்பதை அறிந்தவர் செய்தது.

கேள்வி (மாணவி, டெட்ராய்ட்): வெளியார் அமைப்புகள் அவதூறு செய்தால்?

பதில்: தம் பிரசாரக் குழுவுக்கு வேட்பாளர் பொறுப்பு, வெளியாரைக் கட்டுப்படுத்த அவருக்கு அதிகாரம் இல்லை. ஆனால் "இது எனக்கு வேண்டாம்" என்று அறிக்கை விட யாரும் அவரைத் தடுக்கவில்லை.

கேள்வி (வங்கி ஊழியர், கிரீன் பே): தோல்வியை ஏற்பதிலும் கண்ணியம் வேண்டும் அல்லவா?

பதில்: எங்கள் மாநில உச்ச நீதிமன்றத் தேர்தல்களின் இரண்டு இரவுகளை ஒப்பிடுங்கள். 2023இல் ஜேனட் புரோட்டசேவிச்சிடம் தோற்ற டேனியல் கெல்லி, தோல்வியை ஒப்புக்கொள்ளத் தகுதியான எதிராளி தமக்கு இல்லை என்று மேடையிலேயே சொன்னார். 2025 ஏப்ரல் 1 அன்று சூசன் கிராஃபோர்டிடம் தோற்ற பிராட் ஷிமெல் பேசும்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல் "ஏமாற்றுக்காரி" என்று கிராஃபோர்டை ஏசியது. ஷிமெல் உடனே மறுத்து, முடிவை ஏற்றுக்கொண்டுதான் ஆகவேண்டும் என்றார். பத்துக் கோடி டாலரை ஒட்டிச் செலவான, கசப்பு மிகுந்த தேர்தல் அது. அவர் தரப்பும் அதில் சாந்தமாக நடந்துகொள்ளவில்லை. இருந்தும் அந்த ஒரு மறுப்பை நான் மறக்கவில்லை.

கேள்வி (தந்தை ஒருவர், விஸ்கான்சின்): என் மகள் கவுண்டி நீதிபதி பதவிக்குப் போட்டியிடப் போகிறாள். எதிர் வேட்பாளர் அவளுடைய பழைய அலுவலகத் தோழி. என்ன சொல்வீர்கள்?

பதில்: மனு போடுவதற்கு முன் அந்தத் தோழியைத் தொலைபேசியில் அழைத்துத் தானே சொல்லச் சொல்லுங்கள், செய்தித்தாளில் பார்த்து அறிவது புண்படுத்தும். அவருடைய விளம்பரப் பலகையைத் தன் ஆதரவாளர் பிடுங்கினால், அதைத் திரும்ப நட்டுவிட்டு வரட்டும். வென்றால், தோழியின் வழக்கு வரும்போது தேர்தலைப் பற்றி இரு தரப்பிடமும் வெளிப்படையாகக் கேட்டு, நியாயமான ஆட்சேபம் இருந்தால் விலகிக்கொள்ளட்டும். தோற்றால், காரணம் கூறாமலே வேறு நீதிபதியை ஒரு வழக்கில் ஒருமுறை கேட்கும் உரிமையை எங்கள் மாநிலச் சட்டம் வழக்காடுபவருக்குத் தருகிறது. முதல் சில மாதங்கள் அவள் அதைப் பயன்படுத்தினால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஆனால் அந்த மனுவைத் தயாரிக்கும்போதெல்லாம், அது கட்சிக்காரருக்காகவா, தனக்காகவா என்று அவள் கேட்டுக்கொள்ள வேண்டும்.