சம்பளமில்லாத பயிற்சியில் சேரலாமா?

கேள்வி: நான் பாலக்கோட்டைச் சேர்ந்தவள், லண்டனில் பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் படிப்பு படித்து வருகிறேன். குடியேறிய பெண்களின் மருத்துவ உரிமைக்காகப் பேசும் சிறிய அமைப்பு ஒன்று, வாரத்துக்கு இரண்டு நாள் ஊதியமின்றிப் பயிற்சி பெற அழைக்கிறது. கல்விக் கடன் இருக்கும்போது காசில்லாத வேலை எதற்கு என்கிறார் அப்பா. என்ன செய்வது? – வாசகி, லண்டன்.

பதில்: சேருங்கள். ஆனால் அதற்கு முன் விசா விவகாரத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பிரிட்டனில் பட்டப்படிப்புக்கான மாணவர் விசாவில் இருப்பவர், பாடக்காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. ஊதியமில்லாத வேலையும் இந்தக் கணக்கில் சேரும் என்பதைத்தான் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள். இத்தனை மணிக்கு வர வேண்டும், இன்னின்ன பொறுப்பு என்று ஓர் ஊழியரைப் போல உங்களை நடத்தினால் அது வேலை. இயன்றபோது சென்று உதவிவிட்டுச் செலவுத் தொகை மட்டும் வாங்கினால் அது தொண்டு. படிப்பின் மதிப்பெண்ணுக்கு உரிய பகுதியாகவே பயிற்சி அமைந்தால் விதி வேறு. ஆய்வேடு எழுதும் கோடை மாதங்களும் முதுநிலை மாணவர்களுக்குப் பெரும்பாலும் பாடக்காலமாகவே கொள்ளப்படுகின்றன. ஆகவே அமைப்பின் கடிதத்தைப் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் காட்டி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். யாரோ வாய்மொழியாகச் சொன்னது பின்னால் கைகொடுக்காது.

இனி, அங்கே செய்யப்போகும் வேலையைப் பற்றி. இங்கிலாந்தில் குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்துகொள்ள முகவரிச் சான்றோ குடியேற்ற ஆவணமோ கட்டாயமில்லை. ஆனாலும் வரவேற்பு மேசையில் பாஸ்போர்ட் கேட்டுத் திருப்பி அனுப்பப்படும் பெண்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவருடன் மறுநாள் கூடவே சென்று, விதியைப் பணிவாக எடுத்துச் சொல்லி, எந்தத் தேதியில் யார் என்ன காரணம் சொன்னார் என்று அங்கேயே குறித்துக்கொள்வதும், அத்தகைய குறிப்புகள் சேர்ந்த பிறகு அவற்றை மேலதிகாரிகளின் முன் வைப்பதும்தான் இத்துறையின் அன்றாடப் பணி. பாடப்புத்தகத்தில் இதைக் கற்க முடியாது.

தமிழ் பேசும் பெண்கள் வந்தால் உங்கள் தமிழ் உடனே தேவைப்படும். பேச்சுத் துணைக்கு இருங்கள். ஆனால் அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல், கருக்கலைப்பு, குடும்ப வன்முறை போன்றவை பேசப்படும் அறையில் மொழிபெயர்க்க உட்காராதீர்கள். ஒரு சொல் தவறினாலும் பாதிப்பு அந்தப் பெண்ணுக்கே. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றி ஏற்பாடு செய்வது மருத்துவமனையின் பொறுப்பு; அதைக் கேட்டு வாங்கித் தருவதே நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி. வெளிநாட்டில் தமிழர் வட்டம் சிறியது என்பதையும் மறக்க வேண்டாம். இங்கே சொன்னது கோயில் வாசலில் பேசப்படுகிறது என்று தெரிந்தால், அவர் மட்டுமல்ல, அவருக்குத் தெரிந்த எவருமே அமைப்பின் வாசலை மிதிக்க மாட்டார்கள்.

அப்பாவிடம் நம் மாவட்டத்தையே எடுத்துக்காட்டிப் பேசுங்கள். பழுப்பேறிய பற்களும் வளைந்த கால்களும் தருமபுரிக்காரர்களுக்குப் புதியவை அல்ல. குடிநீரில் மிகுந்துவிட்ட ஃபுளோரைடுதான் அதற்குக் காரணம். அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. நம் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் அது அதிகம். எலும்பில் படிந்த பாதிப்பை எந்த மருந்தாலும் திருப்ப முடியாது. தண்ணீரைத்தான் மாற்ற வேண்டும். ஜப்பானிய நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயல்பாட்டுக்கு வந்தது அதற்காகத்தான். இதை எந்த மருத்துவரும் சீட்டில் எழுதித் தந்துவிட முடியாது. மக்கள் கேட்க வேண்டும், அரசு செய்ய வேண்டும். அப்படிக் கேட்கும் முறையைக் கற்கத்தான் நீங்கள் போகிறீர்கள். 1993 முதல் அரூர் பக்கம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்லிங்கியில், பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்துவரும் டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ் போன்ற இடங்களில், ஊர் திரும்பியதும் இந்த அனுபவம் நேரடியாகப் பயன்படும்.

ஆனால் கடன் குறித்த அவருடைய கவலை நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். பல்கலைக்கழகம் இதை வேலை என்று கணக்கிட்டால், இரண்டு நாளுக்குப் பதில் ஒரு நாள் வருவதாக அமைப்பிடம் கேளுங்கள். அங்கே 8 மணி நேரம் போக, சம்பள வேலைக்கு இன்னும் 12 மணி நேரம் மிஞ்சும். பயணச் செலவைக் கேட்கவும் கூச்சப்பட வேண்டாம். மாத வரவு செலவை ஒரு தாளில் எழுதி அப்பாவுக்கு அனுப்பிவிட்டு, அதன் பிறகு அவரிடம் பேசுங்கள்.